உயிர்த்தெழ மறுத்த வீரன்

சென்ற சனிக்கிழமை இரவு எங்கள் விடுதியின் பொது அறையில் ஒரு வீரனும் ஒரு படகோட்டியும் இறந்தனர். படகோட்டியை எவரும் நினைக்கவில்லை. வீரனை எழுப்ப எங்களிடம் மந்திரம் இருந்தது. அதற்கு வேண்டிய வைரமும் இருந்தது. அவனோ எழ மறுத்துவிட்டான். அதன்பின் பின்னிரவு மூன்று மணி வரை நீண்ட வாக்குவாதத்தின் எச்சமே இப்பதிவு. சற்று நீளமானது, பொறுத்துக்கொண்டு படிக்குமாறு நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சில சொற்கள். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் உருவாக்கி, 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டம். மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். அவரை டஞ்சன் மாஸ்டர் என்பர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பேசுவர், முடிவெடுப்பர். அம்முடிவு பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். தாளும் பென்சிலும் இருபது முகப் பகடை உள்ளிட்ட சில பகடைகளும் இருந்தால் போதும். ஹைதராபாத்தில் வெவ்வேறு துறைகளில் ஆய்வு செய்யும் நாங்கள் ஐவர் இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் இதை ஆடி வருகிறோம். நான் ஏற்றிருப்பது விடியலுக்கும் புதுப்பிறப்புக்கும் உரிய லதாண்டர் என்னும் தெய்வத்தின் பூசகர் பாத்திரம். என் நண்பர் ஒருவர் ஏற்றிருந்தது எத்தெய்வத்தையும் வணங்காத ஒரு கூலிப்படை வீரன். இனி எழுதுவதை அவர் இசைவு பெற்றே எழுதுகிறேன்.

ஆற்றைக் கடக்கும்போது நடந்த தாக்குதலில் அவ்வீரன் இறந்தான். நான் ஐந்நூறு பொற்காசு பெறும் வைரத்தை எடுத்து, எழுப்பும் மந்திரத்தைச் சொல்வதாக அறிவித்தேன். ஆட்டத்தை நடத்துபவர் விதிநூலைப் புரட்டினார். 2014-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் டஞ்சன் மாஸ்டர் கையேட்டில் பலரும் கடந்து சென்றுவிடும் ஒரு விதி உண்டு. விரும்பாத ஆன்மாவை எம்மந்திரமும் மீட்க இயலாது. தன்னை அழைப்பவர் யார், அவர் இயல்பு என்ன, அவர் வணங்கும் தெய்வம் எது என்பதெல்லாம் இறந்தவரின் ஆன்மாவுக்குத் தெரியும். அதைக் காரணமாகக் கொண்டே அது மறுக்கவும் கூடும். விதிப்படி அவர் என் நண்பரிடம் கேட்டார்: “அழைப்பவர் லதாண்டரின் பூசகர். திரும்பி வருகிறாயா?”

“வரவில்லை” என்றார் நண்பர்.

மேசை திகைத்தது. ஆட்டத்தை நடத்துபவர் இயற்பியல் ஆய்வாளர். நடைமுறை வாழ்வில் தெளிவான நாத்திகர். அவர்தான் முதலில் சினந்தார். “நம் உலகில் நாத்திகம் அறிவுடைமை. இந்த உலகில் அது மடமை. கண்ணெதிரே தெய்வம் பேசுகிறது, காயம் ஆறுகிறது, செத்தவன் எழுகிறான். இங்கே நம்பமாட்டேன் என்பவன் மழையில் நனைந்துகொண்டே மழை இல்லை என்பவன்” என்றார். இக்கருத்தை இந்த ஆட்டத்தை ஆடுவோரிடம் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். நம்பாத பாத்திரத்தை எவரேனும் உருவாக்கினால் அவரைச் சிரித்தே மடக்கிவிடுவார்கள். இக்கருத்து பிழையானது என்பதே என் துணிபு. நானே அந்த மேசையின் பூசகனாக இருந்தும் இதைச் சொல்கிறேன்.

பிழை எங்கே இருக்கிறது? ‘தெய்வம் இல்லை’ என்பது ஒரு கூற்று. ‘தெய்வம் இருக்கலாம், நான் வணங்கேன்’ என்பது வேறொரு கூற்று. முன்னது இருப்பைப் பற்றியது. பின்னது உரிமையைப் பற்றியது. நம் உலகில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் வேறுபாடு எளிதில் புலப்படுவதில்லை. கற்பனை உலகம் முதல் கேள்விக்கு விடை தந்துவிடுகிறது. ஆகவே அங்கே எஞ்சி நிற்பது இரண்டாம் கேள்வி மட்டுமே. இறந்தவனை எழுப்பும் ஒருவர் ஆற்றல் உடையவர் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. ஆற்றல் உடையவர் என்பதாலேயே வணக்கத்துக்கு உரியவர் ஆவாரா என்பது மெய்ப்பிக்கப்படவே இல்லை. மிகச் சிறந்த அறுவை மருத்துவர் என் உயிரைக் காத்தால் நான் நன்றி சொல்வேன். அவருக்குக் கோயில் கட்டமாட்டேன். லதாண்டரிடம் அந்த வீரன் கொண்ட நிலைப்பாடும் இதுவே.

இவ்வேறுபாடு இந்திய மெய்யியல் மரபுக்குப் புதிதன்று. வைதிக நெறியினர் நாத்திகன் என்ற சொல்லை வேதத்தின் அதிகாரத்தை ஏற்காதவனுக்கே வழங்கினர். உலகைப் படைத்த இறைவன் ஒருவனை ஏற்காத பூர்வ மீமாஞ்சை ஆத்திக தரிசனங்களுள் ஒன்றாகவே எண்ணப்பட்டது. அங்கும் உயிரான வினா, எதன் அதிகாரத்துக்கு நீ தலைவணங்குகிறாய் என்பதே. தெய்வத்தின் இருப்பும் ஆற்றலும் தனித்தனியே நிற்கக்கூடியவை என்பதற்கு மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டக் கதை ஒன்றே போதும். மகன் சார்ங்கலனை இழந்த கோதமை, தன் உயிரை எடுத்துக்கொண்டு அவன் உயிரைத் தருமாறு சம்பாபதியிடம் மன்றாடுகிறாள். தெய்வம் அவள்முன் தோன்றுகிறது, பேசுகிறது, ஏனைத் தெய்வங்களையெல்லாம் வரவழைத்துச் சான்று கூறவும் வைக்கிறது. ஆயினும் வினைவழிப் போன உயிரை மீட்பது எத்தெய்வத்தாலும் ஆகாது என்பதே விடை. அங்கே தெய்வங்கள் உள்ளன, மீட்பு இல்லை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் உலகில் மீட்பு உண்டு. அதற்கு விலையும் உண்டு.

அந்த விலையைச் சற்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, இறந்து ஒரு நிமிடத்துக்குள் எழுப்ப 300 பொற்காசு பெறும் வைரம் வேண்டும். பத்து நாள்களுக்குள் எழுப்ப 500. நூறாண்டுக்குள் எழுப்ப 1,000. இருநூறு ஆண்டுக்குள், உடலே இல்லாவிடினும் எழுப்ப 25,000. ஒவ்வொரு முறையும் அந்த வைரம் எரிந்து தீரும். அதே விதிநூல், தனித்திறன் வேண்டாத கூலியாளுக்கு நாளொன்றுக்கு இரண்டு வெள்ளிக்காசு என்கிறது. பத்து வெள்ளிக்காசு ஒரு பொற்காசு. எனில் 500 பொற்காசு ஈட்ட ஒரு கூலியாள் உண்ணாமல் உடுக்காமல் 2,500 நாள், ஏறத்தாழ ஏழு ஆண்டு, உழைக்க வேண்டும். அவர் மனைவி இறந்தால் அவருக்குக் கிடைப்பதோ பத்து நாள். 25,000 பொற்காசுக்கு 1,25,000 நாள், அதாவது 342 ஆண்டு வேண்டும். மந்திரத்தின் கெடுவோ இருநூறு ஆண்டோடு முடிந்துவிடுகிறது. பரம்பரை பரம்பரையாகச் சேமித்தாலும் அக்குடும்பம் தன் மூதாதையை எழுப்ப முடியாது.

விதியை எழுதியவர்கள் இறையியல் எழுத அமரவில்லை என்பதை நான் அறிவேன். இறப்பு அற்பமாகிவிட்டால் ஆட்டம் சுவைக்காது. ஆகவே ஏதேனும் ஒரு இழப்பு வேண்டும். 1978-இல் வந்த விதிநூலில் அந்த இழப்பு உடலின்மேல் விழுந்தது. எழுப்பப்படும் பாத்திரம் உடலுறுதிக்கேற்ற ஒரு விழுக்காட்டுப் பகடையை வென்றாக வேண்டும். தோற்றால் நிலையான இறப்பு. எல்ஃப் இனத்தாருக்கு அந்த மந்திரமே பலிக்காது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் எழுந்தவர் தாம் ஈட்டிய தேர்ச்சியில் ஒரு படியை இழந்தார். ஐந்தாம் பதிப்பில் சில நாள் தளர்ச்சி நீங்கலாக, இழப்பு பெரும்பாலும் பணப்பையின்மேல் விழுகிறது. ஆட்டத்தின் சமநிலைக்காகச் செய்யப்பட்ட மாற்றம்தான் இது. ஆனால் விதி ஒன்று கதைக்குள் நுழைந்துவிட்டால் அது அந்த உலகின் இயல்பாகிவிடுகிறது. செல்வர் மட்டுமே சாவிலிருந்து திரும்பும் உலகில், திருப்பி அனுப்பும் தெய்வத்தை ஒருவன் ஐயத்தோடு நோக்கினால் அவனை மூடன் என்பதா, கூர்ந்து நோக்குபவன் என்பதா?

இந்த ஆட்டங்களை எழுதியவர்களே இக்கேள்வியைப் பலமுறை எதிர்கொண்டிருக்கிறார்கள். எட் கிரீன்வுட் படைத்து, 1987 முதல் இந்த ஆட்டத்தின் களமாக வெளிவரும் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகில், எத்தெய்வத்தையும் வணங்காது இறந்தோரின் ஆன்மாக்கள் ஒரு மதிலில் பதிக்கப்பட்டு மெல்ல மெல்லக் கரைந்து அழியும். நம்பிக்கையற்றோர் மதில் என்று அதற்குப் பெயர். இறந்தோர்க்குரிய தெய்வமாக முன்பு விளங்கிய மிர்க்குல் எழுப்பியது அது. அவ்வுலகத்தில் மேலோன் ஏயோ, தெய்வங்களின் ஆற்றல் அவர்களை வணங்குவோரைப் பொறுத்தே அமையும் என்று விதித்துவிட்டான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மதிலின் பொருள் விளங்கும். அங்கே வணக்கம் என்பது வரி. மதில் வரி கட்டாதோர்க்கான சிறை. அந்நிலையில் வணங்க மறுப்பது அறியாமையாகாது. அது ஒரு அரசியல் செயல். 2007-இல் வெளிவந்த ‘மாஸ்க் ஆஃப் தி பிட்ரேயர்’ என்னும் கணினி ஆட்டம் முழுவதுமே, தான் காதலித்தவளை அம்மதிலிலிருந்து மீட்கத் தன் தெய்வத்தையே எதிர்த்த ஒரு பூசகனின் கதையின்மேல் கட்டப்பட்டது. 2015-இல் வந்த களநூல் ஒன்றிலும் அம்மதில் இடம்பெற்றது. 2020-இல் வெளியான திருத்தத்தில் அக்குறிப்பு நீக்கப்பட்டது. மதிலை அமைதியாக அகற்றியது நன்று. ஆனால் எழுப்பிய கேள்வி அகலவில்லை.

1994-இல் வந்த பிளேன்ஸ்கேப் களத்தில் அதார் என்றொரு கூட்டத்தார் உண்டு. தெய்வங்கள் இல்லை என்று அவர்கள் சொல்வதில்லை. தெருமுனையில் தெய்வத்தைச் சந்திக்கக்கூடிய இடத்தில் அப்படிச் சொல்லவும் முடியாது. தெய்வம் எனப்படுவோர் வலிமை மிக்க உயிர்களேயன்றித் தெய்வத்தன்மை உடையோர் அல்லர் என்பதே அவர்கள் வாதம். பாத்ஃபைண்டர் ஆட்டத்தின் உலகில் ரஹடூம் என்றொரு நாடு உண்டு. மதப்போர்களால் சிதைந்தபின் தெய்வ வழிபாட்டையே சட்டத்தால் விலக்கிய நாடு அது. அதற்கு அவர்கள் கொடுக்கும் விலையையும் ஆசிரியர்கள் மறைக்கவில்லை: கொள்ளைநோய் வந்தால் குணமாக்கப் பூசகர் எவரும் அங்கே இல்லை. வழிபடுவோரை ஒடுக்கும் சட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் அந்நாட்டார் மடையர் அல்லர். தாம் எதை இழக்கிறோம் என்று அறிந்தே இழப்பவர்கள். கீத் பேக்கர் உருவாக்கி 2004-இல் வந்த எபெரான் களமோ வேறு வழியில் செல்கிறது. அங்கே தெய்வங்கள் நேரில் தோன்றுவதில்லை. பூசகரின் மந்திரம் பலிக்கும். அதைத் தந்தது தெய்வமா, பூசகரின் நம்பிக்கையேதானா என்பதை எவராலும் அறுதியிட முடியாது. அவ்வுலகில்தான் நம்பிக்கைக்கும் மதிப்பு உண்டு, ஐயத்துக்கும் மதிப்பு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி எதிர்வாதம். எங்கள் மேசையின் ஐந்தாமவர் சொன்னதை நான் எளிதில் தள்ள முடியவில்லை. “இறந்தவனின் கொள்கையைப் பற்றியே பேசுகிறீர்கள். உயிரோடு இருக்கும் எங்களுக்கு அவன் வேண்டும். நாங்கள் அழைத்தும் வராதவன் தெய்வத்தையா மறுக்கிறான்? எங்களை மறுக்கிறான்” என்றார். உண்மை. உயிர்த்தெழுதலை எப்போதும் வேண்டுவோர் இருப்பவர்களே. ‘கிரிட்டிக்கல் ரோல்’ நிகழ்ச்சியை நடத்தும் மேத்யூ மெர்சர் தம் மேசைக்கென வகுத்த விதி இதை நன்கு உணர்ந்திருக்கிறது. அங்கே வைரம் மட்டும் போதாது. தோழர் மூவர் வரை முன்வந்து, இறந்தவருக்காக ஒரு சொல்லையோ பொருளையோ நினைவையோ படைக்கலாம். அதன்பின் உருட்டும் பகடை வெல்ல வேண்டும். ஒருவர் எத்தனை முறை மீண்டாரோ அத்தனைக்கு அடுத்த முறை அது கடினமாகும். நம்பாதவனும் அச்சடங்கில் பங்கேற்க இயலும் என்பது அதன் அழகு. அவன் தெய்வத்தை வேண்ட வேண்டியதில்லை. நண்பனை அழைத்தால் போதும்.

ஆயினும் அழைப்பது நம் உரிமை. வருவது அவர் உரிமை. ஆட்டத்தின் அந்தச் சிறு விதி அதைத்தான் காக்கிறது. தெய்வம் இருக்கிறது, மந்திரம் பலிக்கிறது, வைரம் கையில் இருக்கிறது. இவ்வளவும் கூடிய பின்பும் இறந்தவரின் ‘ஆம்’ இல்லாமல் எதுவும் நடவாது. எல்லாம் வல்லவரும் இசைவு கேட்டுக் காத்திருக்க வேண்டிய இடம் ஒன்று அவ்வுலகில் உண்டென்றால், நம்பாமை வாழ்வதற்கு அவ்விடம் போதும்.

வாக்குவாதம் தணிந்த பிறகுதான் நண்பர் தம் காரணத்தைச் சொன்னார். சென்ற ஆண்டு அவர் தந்தை இறந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினொரு நாள். ஒவ்வொரு நாள் காலையும் கட்டண முகப்பில் முன்பணம் கட்டிய ரசீதைக் காட்டிய பிறகே அடுத்த மருந்து. பத்தாம் நாள் கடன் தருவோர் எவரும் எஞ்சவில்லை. “நீ வைரத்தை எடுத்து மேசைமேல் வைத்தாய். எனக்கு அந்த முகப்புதான் நினைவுக்கு வந்தது. பணம் இருந்தால் உயிர் தருகிறேன் என்பவர் மருத்துவமனையாக இருந்தாலும் சரி, விடியலின் தெய்வமாக இருந்தாலும் சரி, அவர் கையால் என் வீரன் எழமாட்டான்” என்றார். சற்றுப் பொறுத்து ஒரு கேள்வியும் கேட்டார்: “அதே தாக்குதலில்தான் படகோட்டியும் செத்தான். அவனிடம் எவராவது வருகிறாயா என்று கேட்டீர்களா?”

எவரும் கேட்கவில்லை. அவனுக்குப் பெயர்கூட வைக்கவில்லை.

ஆகவே ஆட்டத்தை நடத்தும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவே. உங்கள் மேசையில் ஒருவர் நம்பாத பாத்திரத்தை ஏற்றால், அவரைத் திருத்தும் கருவியாக அற்புதங்களை அடுக்காதீர்கள். எதை நம்பவில்லை என்று கேட்காதீர்கள். எதற்குத் தலைவணங்க மறுக்கிறாய் என்று கேளுங்கள். கதை அங்கிருந்து தொடங்கும். பூசகர் பாத்திரம் ஏற்போருக்கும் ஒன்று சொல்வேன்: உங்கள் தெய்வம் எழுப்ப வல்லது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. யாரை எழுப்புகிறது என்பதில்தான் ஐயம். அதற்கு விடை சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

அன்றிரவு ஆட்டத்தை நடத்துபவர் நண்பரின் மறுப்பை ஏற்றார். மந்திரம் தொடங்கும் முன்னரே மறுத்ததால் வைரம் எரியவில்லை என்றும் தீர்ப்பளித்தார். வீரனை ஆற்றங்கரையில் புதைத்தோம். அவன் விருப்பப்படி நான் எந்த மந்திரமும் ஓதவில்லை. பின்னர் அதே வைரத்தோடு படகோட்டியின் உடலருகே அமர்ந்து அழைத்தேன். படகோட்டி எங்கள் தெய்வத்தின் பெயரைக்கூடக் கேட்டதில்லை என்றார் ஆட்டத்தை நடத்துபவர். கரையில் அவன் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்றும் சொன்னார். அவன் வந்துவிட்டான். எழுந்தவுடன் படகு எங்கே என்று கேட்டான்.

வரும் சனிக்கிழமை நண்பர் அந்தப் படகோட்டியின் பாத்திரத்தை ஏற்று ஆடப்போகிறார். ஒரு பெயர் வேண்டும் என்கிறார். பொருத்தமான பெயர் தோன்றினால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். என் வாதத்தை மறுக்க விரும்புவோரும் எழுதுக. குறிப்பாக, எங்கள் ஐந்தாமவரின் கேள்விக்கு என்னைவிட நல்ல விடை உடையவர்கள்.